கீழே நிற்பவர் உன்னை இறக்க முடிய வேண்டும்

காவேரிப்பட்டினம்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய சாமான் பட்டியல் வந்தது. உங்கள் காட்டு முகாமில் போன் எடுப்பதே அபூர்வம், எடுத்தாலும் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆராய்ச்சிக்காக மரத்தின் உச்சியில் பூவும் காயும் கணக்கெடுக்க ஒற்றைக் கயிற்றில் ஏறப் போகிறாய் என்றதும் அம்மா ஒரு வேளை சாப்பிடவில்லை. எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் உன் பட்டியலின் வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. ஏறவும் இறங்கவும் ஒன்றாகவே பயன்படும் அந்த விலை அதிகமான கருவியை முதலில் எழுதியிருக்கிறாய். ஹெல்மெட் கடைசியில் இருக்கிறது. கீழே நிற்பவருக்கு என்று ஒரு சாமான்கூட இல்லை.

வளைகுடாவில் எண்ணெய்த் தொட்டிகளிலும் கண்ணாடிக் கட்டடங்களிலும் தொங்கி வேலை பார்த்த காலமெல்லாம் எங்களுக்கு எப்போதும் இரண்டு கயிறு. ஒன்றில் தொங்குவோம், இன்னொன்று காவல். உங்கள் முறையில் அந்த இரண்டாவது கயிறு கிடையாது. அதனால் எந்தச் சாமானை எடுத்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்: மேலே நான் மயங்கிப் போனால், கீழே நிற்பவர் மரமேறாமலே என்னை இறக்க முடியுமா?

கயிற்றிலிருந்து தொடங்குகிறேன். 11 மில்லிமீட்டர், அதிகம் நீளாத கயிறு. அதன் மேல் ஈ.என். 1891, டைப் ஏ என்ற ஐரோப்பியத் தரக்குறி போட்டிருக்க வேண்டும். குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது 2,200 கிலோ அளவுக்கு இழுப்பைத் தாங்கும் வகை அது. முடிச்சுப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கு மேலோகூடப் பலம் குறையலாம், அதையும் கழித்துக்கொள். பாறை ஏறுகிறவர்களின் நீளும் கயிறு இதற்கு வேண்டாம். ஒவ்வொரு எட்டுக்கும் மேலும் கீழும் ஆட்டிவைக்கும்.

நீளம் 60 மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். 30 மீட்டர் உயரக் கிளைக்கு அது போகவர மட்டும்தான் சரியாக இருக்கும். கயிற்றின் ஒரு நுனியை அடிமரத்தில் கட்டி, கிளைக்கு மேலாகப் போட்டு, மறுபக்கம் ஏறுகிறீர்கள். அடிமரத்தில் வெறும் முடிச்சுக்குப் பதில் ஓர் இறக்கு கருவியை மாட்டி அதன் வழியே கயிற்றைப் பூட்டிவைத்தால், கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டே உன்னைத் தரைக்குக் கொண்டுவரலாம். ஆனால் விடுவதற்குக் கயிறு மிச்சம் இருக்க வேண்டுமே. உயரத்தைப் போல மூன்று மடங்கு வாங்கு. 100 மீட்டர் கயிறு ஏழெட்டுக் கிலோ வரும். மேட்டில் தூக்கிக்கொண்டு நடக்கக் கஷ்டம்தான், தெரியும். ஆளுக்கு ஒரு நாள் தூக்குங்கள்.

இந்த முறையில் ஒரு சங்கதி இருக்கிறது, அதை மறந்துவிடாதே. உன் எடை 55 கிலோ என்றால் கிளைமேல் விழுவது 55 அல்ல, ஏறத்தாழ இரட்டிப்பு. ஏறும் பக்கம் நீ இழுக்கிறாய், கட்டிய பக்கமும் கயிறு அதே அளவு இழுக்கிறது. நம் ஊரில் மாசி பங்குனியில் புளி உலுக்க ஏறுகிறவர்கள் கயிறே இல்லாமல் கிளைக்குக் கிளை போவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. புளியங்கிளை வளைந்து கொடுக்கும், அவ்வளவு சீக்கிரம் முறியாது. காட்டில் நிற்பதெல்லாம் புளியங்கொம்பு இல்லை. ஏறும் முன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பாருங்கள். பட்டை உரிந்த கிளை, காளான் பூத்த கிளை, நுனியில் இலை கருகிய கிளை எதிலும் போட வேண்டாம். அடிமரத்தில் கட்டிய கயிற்றின் பக்கத்தில் வெட்டுக்கத்தியோடு யாரையும் நிற்கவிடாதே. உன் உயிர் அங்கேதான் கட்டியிருக்கிறது.

அடுத்தது ஹார்னஸ், உன்னைக் கயிற்றோடு பிணைக்கும் இடுப்பு, தொடை வார்கள். இதைப் படத்தைப் பார்த்து வாங்காதே, உன் கூடப் படிக்கும் பையனுடையதையும் போடாதே. இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். தலைகீழாகப் போனாலும் நழுவாத இடம் அது. கடையிலேயே மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் தொங்கிப் பார். நின்று பார்க்கும்போது எல்லாமே பொருத்தமாகத்தான் இருக்கும். தொங்கும்போதுதான் தொடை வார் எங்கே அறுக்கிறது என்று தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஹெல்மெட்டில் தாடை வாரைப் பார். கட்டட வேலைக்கான சாதாரண ஹெல்மெட்டில் 15 முதல் 25 கிலோ இழுப்பிலேயே வார் விட்டுவிடும். எங்காவது சிக்கினால் கழுத்தை நெரிக்கக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். மலையேறுகிறவர்களுக்கான ஈ.என். 12492 வகையில் 50 கிலோ இழுத்தாலும் வார் விடாது. ஊசலாடிப் போய் அடிமரத்தில் மோதும்போது ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும். உனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது ஏறும் கருவிக்கு வருகிறேன். நீ ஆசைப்படும் சாமான் நல்லதுதான், மரம் வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் கிளை கிளையாக மேலும் கீழும் போக அது வேண்டும். நீ ஒரே நேர்க்கயிற்றில் ஏறி, ஓர் இடத்தில் உட்கார்ந்து எண்ணிவிட்டு இறங்கப் போகிறவள். மார்பில் ஒரு க்ரோல், கையில் ஓர் அசெண்டர் (இரண்டும் கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்), அதில் காலுக்கு ஒரு வளையம், இறங்க ஒரு டிசெண்டர், அதாவது அடிமரத்தில் மாட்டச் சொன்னேனே அதே போன்ற இறக்கு கருவி, போதும். குகைக்குள் இறங்குகிறவர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் முறை அது. டிசெண்டரில் ஐ.டி. (I'D) என்ற வகையை வாங்கு. பதற்றத்தில் கைப்பிடியை முழுக்க இழுத்தாலும் பிடித்து நின்றுவிடும். கனம் கொஞ்சம் அதிகம், இருக்கட்டும்.

அசெண்டரின் பல் கயிற்றைக் கடித்துப் பிடிக்கிறது. 400 கிலோவுக்கு மேல் திடீர் இழுப்பு வந்தால் அந்தப் பல்லே கயிற்றின் மேலுறையைக் கிழிக்கத் தொடங்கும். எனவே அதற்கு மேலே கயிறு ஒருபோதும் தளர்ந்து கிடக்கக் கூடாது. கிளையில் ஏறி நின்றுகொண்டு கீழே தொங்கும் கயிற்றை நம்பாதே.

அப்புறம் தேனீ. நெடுமரங்களில் மலைத்தேனீ கூடு கட்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏறும் முன் பைனாகுலரில் நான்கு பக்கமும் பார். இருந்தாலும் ஒரு நாள் கலையும். அப்போது நீ க்ரோலிலும் அசெண்டரிலும் தொங்கிக்கொண்டிருப்பாய். இரண்டும் மேலே மட்டும்தான் போகும். டிசெண்டரை மாட்டி, எடையை அதற்கு மாற்றி, இரண்டையும் கழற்றிவிட்டுத்தான் இறங்க முடியும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டு கை தானாகச் செய்யும்வரை இதைப் பழகு. அப்படியும் கை நடுங்கும் நேரம் வரும். அன்றைக்கு அடிமரத்தில் நிற்பவர் பூட்டைத் திறந்து விட்டால் போதும், நீ எதையும் கழற்ற வேண்டாம். அடிமரத்துக்கென்று இரண்டாவது டிசெண்டரை இதற்காகத்தான் வாங்கச் சொல்கிறேன். ஹார்னஸில் அசையாமல் தொங்குவது கால் ரத்தத்தைத் தேக்கிவிடும், மயங்கியவருக்கு நிமிடக் கணக்கில் ஆபத்து. நகரத்திலிருந்து யாரும் வந்து சேரக் காத்திருக்க முடியாது.

சாமான்களை ஒன்றோடொன்று மாட்டும் கொக்கி வளையமான காரபைனர் எல்லாம் மூன்று அசைவில் திறக்கும் தானியங்கிப் பூட்டு வகையாகவே எடு. திருகு வகையைப் பட்டை உரசி உரசியே திறந்துவிடக்கூடும். கயிற்றைக் கிளைமேல் ஏற்ற, முதலில் எறிய 2 மில்லிமீட்டர் நூலும் அதன் நுனியில் கட்ட 300 கிராம் குண்டுப் பையும் போதும்.

பழைய கயிறு மலிவாகக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். வாங்கவே வாங்காதே. யாருடைய ஜீப்பில் பேட்டரிக்குப் பக்கத்தில் கிடந்ததோ, நமக்கென்ன தெரியும்? பேட்டரி ஆசிட் பட்ட நைலான் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். புதுக் கயிற்றையும் ஒவ்வொரு முறையும் விரல்களுக்கிடையே ஓட்டிப் பார். சாண் சாணாக வளைத்துப் பார். நல்ல கயிறு உருண்டையாக வளையும். ஓரிடத்தில் சட்டென்று மடிந்தாலோ, உள்ளே மெத்தென்று இருந்தாலோ, அந்த இடத்தை வெட்டி எறி. வாங்கிய தேதி, ஏறிய நாள் எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவை. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் துணிச் சாமான் எதற்கும் பத்து வருடத்துக்கு மேல் ஆயுள் கொடுக்காதே.

மாங்காய் குத்தகைப் பணம் வந்துவிட்டது. ஹார்னஸ், ஹெல்மெட், இரண்டு டிசெண்டர் நான் வாங்கித் தருகிறேன். கயிற்றுக்கு உன் ஆராய்ச்சிப் பணத்தில் கேள், கொடுக்கத்தான் வேண்டும். அடுத்த லீவுக்கு வரும்போது உன்னோடு கீழே நிற்கப் போகும் அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. கிணற்றடிப் புளியமரத்தில் கயிறு போட்டுவைக்கிறேன். நீ தொங்கு, அவள் இறக்கட்டும், பிறகு அவள் தொங்கட்டும். வருவதற்குள் இடுப்பு அளவும் தொடை அளவும் எழுதி அனுப்பு, அம்மாவின் அளவு நாடாவை எடுத்துப் போயிருக்கிறாயே, அதில் அளந்து.

அன்புடன்,
அப்பா