செடிக் குழு நிர்வாகிகளே, முறைப்பாடுகளை அழிக்காதீர்கள்

மலையகத்தில் இணையவழிச் செடி விற்பனைக் குழுக்களை நடத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் குழுக்களால் நன்மை பெற்றவர்களில் நானும் ஒருத்தி. என் வீட்டுப் படிக்கட்டின் இருபுறமும் நிற்கும் பிகோனியாக்களில் பாதிக்கு மேல் அங்கே அறிமுகமானவர்களிடம் வாங்கியவை. லயத்துக் கோடியில் நான்கு கம்பு நட்டு, மேலே பொலித்தீன் விரித்து, தயிர்ச்சட்டியிலும் பால்மா டின்னிலும் கன்று வளர்க்கும் பெண்கள் இடைத்தரகர் இல்லாமல் கொழும்புக்கு விற்க வழி திறந்துவிட்டதும் நீங்கள்தான். அதை மறக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

கடந்த மழைக்காலத்தில் உங்களில் ஒருவருடைய குழுவில் ஒரு பெண் முறைப்பாடு எழுதினார். இளஞ்சிவப்பு இலைச் செடி ஒன்றுக்கு முழுப்பணமும் அனுப்பியிருக்கிறார்; பணம் போய்ச் சேர்ந்ததும் விற்றவர் அவருடைய இலக்கத்தைத் தடைசெய்துவிட்டார். தொலைபேசி இலக்கம், வங்கிச் சீட்டு, உரையாடலின் படங்கள் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டிருந்தார். மாலைக்குள் அந்தப் பதிவைக் காணவில்லை. "குழுவில் சண்டை வேண்டாம், தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற ஒரு வரிதான் மிஞ்சியது. விற்றவரின் விளம்பரம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் கீழே இன்னும் இருவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் பொறுப்பல்ல என்பதை ஏற்கிறேன். ஊதியமில்லாமல், இரவு பத்து மணிக்கும் பதிவுகளைச் சரிபார்க்கிறீர்கள். ஒவ்வொருவருடைய பணத்துக்கும் உங்களைப் பிணை நிற்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் பொறுப்பேற்காமல் இருப்பது ஒன்று, தடயத்தை அழிப்பது இன்னொன்று. மோசடிக்காரனுக்கு முகவரியும் கடையும் கிடையாது. அவனிடம் இருக்கும் ஒரே முதல், உங்கள் குழுவின் நற்பெயர். 'நம்ம ஊர்க் குழு' என்ற நம்பிக்கையில்தான் மக்கள் முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்புகிறார்கள். அவனைப் பற்றிய முறைப்பாட்டை நீக்கும்போது, அடுத்தவரிடம் போவதற்கு அவனுக்குப் புதுச் சட்டை மாட்டி அனுப்புகிறீர்கள்.

பொலிசுக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்பது ஆதாரத்தை: விளம்பரம் எங்கே, விற்றவரின் கணக்கு எது, என்ன பேசினீர்கள். ஏமாந்தவரிடம் பாதி இருக்கும். மீதி உங்கள் குழுவின் பதிவில் இருக்கும். அதையும் துடைத்துவிட்டால் அவர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? பதிவை நீக்க வேண்டாம். கருத்திடுவதை மட்டும் மூடிவிடுங்கள். சண்டையும் நிற்கும், தடயமும் நிற்கும்.

அந்த இளஞ்சிவப்பு இலைச் செடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிங்க் கொங்கோ என்று விற்கப்படும் ஃபிலோடென்ட்ரனின் நிறம் இயற்கையானதல்ல. வாயுவோ இரசாயனமோ கொடுத்து இலையைச் சிவக்க வைக்கிறார்கள். சில மாதங்களில் புதிய இலைகள் பச்சையாகவே வரும். பிங்க் பிரின்சஸ் வேறு. அதன் இளஞ்சிவப்புத் திட்டுகள் செடியோடு பிறந்தவை. பெயர் ஒத்திருப்பதால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தலையில் கட்டுவது எளிதாகிவிடுகிறது. நீல ஓர்கிட்டும் அப்படித்தான்: அங்காடியில் மின்னும் அந்த அடர்நீல ஃபெலனோப்சிஸ் பெரும்பாலும் பூந்தண்டில் சாயம் ஏற்றியது, அடுத்த முறை வெள்ளையாகப் பூக்கும். வெள்ளைத் திட்டுள்ள மொன்ஸ்டெராவைக் கிளைத்துண்டிலிருந்து வளர்ப்பதுதான் வழக்கம். 'விதை' என்று பொட்டலம் விற்பவரிடம் அந்தத் திட்டு வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீல ரோஜா விதையைப் பற்றிப் பேசவே வேண்டாம். நீலத்தைத் தரும் டெல்ஃபினிடின் என்ற நிறமியே ரோஜாவில் கிடையாது. மரபணு மாற்றத்தின் வழியே ஜப்பானிய நிறுவனம் ஒன்று 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாகூட ஊதா சாயலில்தான் இருக்கிறது. அது உறையில் விதையாக வந்து நம் முற்றத்தில் முளைக்காது. போதாததற்கு, வெளிநாட்டிலிருந்து விதையையும் செடியையும் அனுமதியின்றித் தருவிப்பது இந்த நாட்டில் சட்டத்துக்குப் புறம்பானது.

இவற்றை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஹக்கல பூங்காவிலும் பேராதனை ஓர்கிட் இல்லத்திலும் கண் பழகியவர்கள் நீங்கள். அப்படியிருக்க, நீல ரோஜா விதை விளம்பரத்துக்கு உங்கள் குழுவில் எப்படி அனுமதி கிடைக்கிறது? இங்கே மட்டும் எனக்குக் கோபம் வருகிறது.

வாங்குபவர் மட்டும் ஏமாறுவதில்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர் ஐயாயிரம் ரூபாய்க்குச் சதைச்செடிகள் விற்றார். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளக் கணக்கில் அது ஏறத்தாழ நான்கு நாள் கொழுந்து. வாங்கியவர் வெள்ளிக்கிழமை மாலையில் வைப்புச் சீட்டு ஒன்றின் படத்தை அனுப்பி, தவறுதலாகப் பத்தாயிரம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள், செடியை நாளைக்கே கூரியரில் போட்டுவிடுங்கள் என்று அவசரப்படுத்தினார். சீட்டு உண்மையானது. ஆனால் வைப்பிலிட்டது காசோலை! அது மாறுவது அடுத்த வேலை நாளில்தான். இடையில் சனி, ஞாயிறு. திங்களன்று காசோலை திரும்பிவிட்டது. அதற்குள் மீதி ஐயாயிரமும் போய், செடிகளும் பத்திரிகைத் தாளில் பத்திரமாகச் சுற்றப்பட்டு ஹட்டன் பஸ் நிலையத்தைத் தாண்டிவிட்டன.

அவர் படிக்காதவர் அல்ல. சீட்டில் சிறிய ஆங்கில எழுத்தில் இருந்த ஒரு சொல்லை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சீட்டின் படம் பணமல்ல. கணக்கின் மீதியில் எடுக்கக்கூடிய தொகையாகத் தெரிவதே பணம். அதைப் போலவே, பணம் பெறுவதற்கு எவரும் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை (OTP) சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டையும் குழுவின் உச்சியில் தமிழில் எழுதி வையுங்கள். இப்போது இருக்கும் விதிகள் பல குழுக்களில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. எழுத்தோடு குரல் பதிவாகவும் போட்டால் இன்னும் நல்லது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அடுப்படியில் நின்றபடி கேட்பவர்கள்தான் உங்கள் உறுப்பினர்களில் பலர்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முறைப்பாடெல்லாம் மோசடி ஆகிவிடாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிரில் செழித்த ஃபியூசியா, கூரியர் பெட்டிக்குள் இரண்டு நாள் வெந்து மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தால் வாடத்தான் செய்யும். அதற்காக விற்றவரைத் திருடி என்று எழுதுவது அநியாயம். செடி செத்துப்போன வழக்கில் விற்றவர் தொலைபேசியை எடுப்பார், வருந்துவார், சண்டையும் பிடிப்பார். மோசடிக்காரன் கம்பி நீட்டிவிடுவான். ஆகவே முறைப்பாடு வந்ததும் எதிர்த்தரப்பினருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்துக் குழுவிலேயே பதில் கேளுங்கள். பதில் வந்தால் இரண்டையும் சேர்த்து வையுங்கள். வராவிட்டால், அதையும் எழுதி விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். 'கள்வர் பட்டியல்' என்று முகத்தைப் போட்டு ஒட்டுவதை நான் கேட்கவில்லை. அந்த முகம் பெரும்பாலும் வேறொரு அப்பாவியுடையது.

இதே காரணத்தால்தான், சில குழுக்கள் அண்மையில் தொடங்கியிருக்கும் ஒரு வழக்கத்தைக் கைவிடும்படி கேட்கிறேன். விற்பவர் தம் தேசிய அடையாள அட்டையின் படத்தை அனுப்ப வேண்டும் என்கிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அப்படி அனுப்பப்பட்ட அட்டைதான் மோசடிக்காரன் கையில் போய், 'பாருங்கள், இது நான்தான்' என்று அடுத்தவருக்குக் காட்டப்படுகிறது. அட்டைக்குப் பதில் செடியைக் காட்டச் சொல்லுங்கள்: காணொளி அழைப்பில், இலையின் முன்னும் பின்னும், வேர் தெரியச் சாடியைச் சற்றே சரித்து. கையில் செடி இருப்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. இல்லாதவருக்கு அன்றைக்கென்று கமரா பழுதாகிவிடும். பணம் கேட்கும் வங்கிக் கணக்கு வேறொருவர் பெயரில் இருந்தாலும் நிறுத்திக் கேட்க வேண்டும். 'அம்மாவின் கணக்கு' என்றால் அம்மாவிடம் பேசட்டும். செடி கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் வசதி கூரியர்களிலும் தபாலிலும் இருக்கிறது. கட்டணம் சற்றுக் கூடும், ஆனாலும் முதல் முறை வாங்குபவருக்கு அதையே பரிந்துரையுங்கள்.

ஏமாந்தவர் உங்களிடம் வந்தால் கையை விரிக்காதீர்கள். உடனே வங்கிக்கு அழைக்கச் சொல்லுங்கள். இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு மன்றத்தின் 101 இலக்கத்தையும், அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தையும் சொல்லுங்கள். தடைசெய்யப்படுவதற்கு முன் விற்றவரின் பக்க முகவரியைக் குறித்து வைத்தாரா என்று கேளுங்கள். அவரிடம் இல்லாவிட்டாலும் நிர்வாகியான உங்களால் எடுத்துக் கொடுக்க முடியும்.

கடந்த மழைக்காலத்தில் நீக்கிய அந்தப் பதிவை அதை எழுதியவரிடம் கேட்டு மீண்டும் போடுங்கள். அதன் படங்களை நான் சேமித்து வைத்திருக்கிறேன். அவர் சம்மதித்தால் இன்றைக்கே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து உங்கள் குழு உறுப்பினர் ஒருத்தி