எங்கள் ஊர் அருங்காட்சியகத்தை ஞாயிறன்றும் திறந்து வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்,
ஊத்தங்கரை வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கிருஷ்ணகிரி.

பொருள்: கிராம அருங்காட்சியகத்தை விடுமுறை நாளில் திறப்பது, நடுகல்லுக்குக் கூரை அமைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊரின் பழைய ஊராட்சிக் கட்டடத்தில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. மொத்தமே இரண்டு அறைதான். தானியம் அளந்த படி, வள்ளம், களி கிண்டிய துடுப்பு, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த சால், கொல்லுப் பட்டறைத் துருத்தி என்று எல்லாமே ஊரார் தங்கள் வீடுகளிலிருந்து கொடுத்தவை. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கி.மு. 2172-லேயே இரும்பு புழக்கத்தில் இருந்தது என்று 2022-ல் சட்டப்பேரவையில் அறிவித்தார்கள். அதைப் படிக்கிற பிள்ளை, இரும்பைக் காய்ச்ச ஊதிய துருத்தியையும் பார்க்க வேண்டாமா?

ஆனால் வேலை நாளில், அலுவலக நேரத்தில் மட்டுமே கதவு திறக்கிறது. அப்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், நாங்கள் கூலி வேலைக்குப் போயிருப்போம். ஓசூர், பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எனவே ஞாயிறன்று திறந்து, திங்கட்கிழமை விடுமுறை விட உத்தரவிட வேண்டுகிறோம்.

அப்புறம், விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். அங்குள்ள கேழ்வரகுத் திருகையின் மேல்கல்லில் பிடி செருகும் குழி ஒரு பக்கமாகத் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஏன் என்று பெயர்ப்பலகை சொல்லாது. ஒருநாள் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர் ஒரு பிடி ராகியைப் போட்டுச் சுற்றிக் காட்டினார். கல்லைச் சுற்றி மாவு உதிர்ந்ததும் பிள்ளைகள் நான், நீ என்று முண்டியடித்தார்கள். இப்படி விவரம் தெரிந்த பெரியவர்கள் இருவருக்குச் சிறு மதிப்பூதியம் கொடுத்து அமர்த்தினால் போதும்.

வாசலில் இருக்கும் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிட்டு வருகிறோம். வில்லேந்திய வீரனின் தலைக்கு மேலே வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது. கட்டடத்தின் மழைநீர் நேராக அதன்மேல் கொட்டுகிறது. சில எழுத்துகள் மங்கிவிட்டன. தொல்லியல் துறையினர் வந்து படியெடுக்கவும், உடனே கூரை போடவும் ஆவன செய்ய வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லிக் கல்லை நகரத்துக்கு மட்டும் கொண்டு போய்விட வேண்டாம். அது எங்கள் சாமி. பொங்கல் வைப்பதும் அங்கேதான்.

பொருள்களுக்கு முறையான பட்டியலும் இதுவரை இல்லை. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலிருந்து ஒருவரை அனுப்பினால், கூட இருந்து எழுதித் தர எங்கள் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

மழைக்காலம் தொடங்குமுன் கூரைக்காவது உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)