ஆக்டன் பிரபுவை மேடையேற்றும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேடைப் பேச்சாளர்களே, பட்டிமன்ற நடுவர்களே, தலையங்கம் எழுதுவோரே, வணக்கம்.

சென்ற மாதம் ஒரு கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பேசியவர் மேசையைத் தட்டி, "அதிகாரம் கெடுக்கும், முழு அதிகாரம் முழுமையாகக் கெடுக்கும் என்று ஆக்டன் பிரபு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கினார்" என்றார். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியரான ஆக்டன் அதை எங்கும் முழங்கவில்லை. 1887 ஏப்ரலில், பிரான்சின் கான் நகரிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. அச்சில் வந்தபோது இருவருமே உயிரோடில்லை.

அந்த ஆசிரியர் மாண்டெல் கிரெய்ட்டன். கேம்பிரிட்ஜில் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர், ஆங்கிலிக்கன் பாதிரியார், 1886இல் தொடங்கிய 'இங்கிலீஷ் ஹிஸ்டாரிகல் ரிவ்யூ' இதழின் முதல் ஆசிரியர். போப்பாண்டவர்களைப் பற்றி அவர் எழுதிய வரலாற்றின் புதிய தொகுதிகளை அவருடைய இதழுக்காகவே ஆக்டன் மதிப்பிட்டார். கத்தோலிக்கரான ஆக்டனுக்குக் கோபம்: சமய விசாரணை மன்றங்களின் கொடுமைக்குப் போப்புகளைக் கூண்டில் ஏற்றாமல் இவர் நழுவிவிட்டாராம். போப்பை ஏற்காத சபையின் பாதிரியார் போப்புகளுக்குப் பரிந்து பேச, கத்தோலிக்கர் குற்றப்பத்திரிகை வாசித்த வேடிக்கை இது. தம் நூலைத் தாளித்தெடுத்த அந்த மதிப்புரையைக் கிரெய்ட்டன் தம் இதழிலேயே வெளியிட்டார். நம் சிற்றிதழ் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்த மனசு வரும்?

இப்போது அந்த வரி. மூலத்தில் முதல் பாதி 'கெடுக்கும்' என்று அடித்துச் சொல்லவில்லை. நம் வழக்கில் சொன்னால், 'அதிகாரம் கெடுக்கப் பார்க்கும்'. அந்தப் 'பார்க்கும்' நம் மேடைகளில் உதிர்ந்துவிடுகிறது. அதையாவது மன்னித்துவிடலாம். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை மறைப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அவர் கைநீட்டியது அரசர்களை நோக்கி அல்ல, அவர்களுக்குச் சலுகை காட்டும் வரலாற்றாசிரியர்களை நோக்கி. பிரெஞ்சு மன்னரைக் குத்திக் கொன்ற ரவயாக்கைத் தூக்கிலிடச் சம்மதிப்பீர்கள்; சிறையிலிருந்த ஸ்காட்லாந்து அரசி மேரியைக் கொன்றுவிடும்படி சிறைக்காவலரைக் கேட்ட இங்கிலாந்து அரசி எலிசபெத்தை மட்டும் விட்டுவிடுவீர்களா என்று கேட்கிறார். என்னிடம் விட்டால் இப்படிப்பட்ட பெரிய இடத்துக் குற்றவாளிகளை, விவிலியத்தில் தூக்கிலிடப்படும் ஆமானைவிட உயரத்தில் தொங்கவிடுவேன் என்கிறார். ஆமானுக்கு நட்ட மரமே ஐம்பது முழம். போதாக்குறைக்கு, வரலாறு எழுதப் புகுவோருக்கு ஓர் அறிவுரை: எழுதாதீர்கள்.

நான்கு நாளில், கிரெய்ட்டன் இருந்த இங்கிலாந்தின் வூஸ்டர் நகரிலிருந்து பதில் போனது. கடிதத்துக்கு நன்றி சொல்லிவிட்டு அவர் கேட்டார்: அவர்களைக் கண்டிக்க நான் யார்? தாங்கள் செய்வது இன்னதென்று அவர்கள் அறியவில்லையே. எனக்கு இந்த மனிதரையும் பிடித்திருக்கிறது. ஆனால் வழக்கில் நான் ஆக்டன் பக்கம்.

நீங்களோ, எதிர்க்கட்சித் தலைவரைத் திட்ட ஆக்டனைக் கூப்பிடுகிறீர்கள். உங்களுக்குப் பிடித்த அரசனைப் பற்றிக் கேள்வி வந்தால், "அந்தக் காலத்து அளவுகோலால் அளக்க வேண்டும்" என்று கிரெய்ட்டனின் அங்கிக்குள் ஒளிந்துகொள்கிறீர்கள். ஆக்டன் தூக்குமரம் நட்டது இந்தப் பேச்சுக்காகத்தான்.

ஒரு வேண்டுகோள். அந்த வரியை அடுத்து, அதே மூச்சில், ஆக்டன் எழுதியது இது: 'பெரிய மனிதர்கள் அநேகமாக எப்போதும் கெட்ட மனிதர்களே.' அடுத்த சிலை திறப்பு விழாவில் மாலை போட்ட கையோடு அதையும் வாசியுங்கள். அழைப்பிதழ் அனுப்பினால் வந்து, அதே கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
கைதட்டியவர்களில் ஒருவன்