முதல் நாளே சொல்லிவிடுங்கள்: புகையை விட்டால் எடை கூடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புகைப்பழக்கத்தை விடுவதால் வரும் நன்மைகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே நாளில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு குறைந்துவிடுவதையும், ஓராண்டில் புகையால் வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்து பாதியாக இறங்குவதையும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் விட்டவர்களில் பலரை மறுபடி பெட்டிக்கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற ஒரு விஷயத்துக்கு அந்தக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை. புகையை விட்டால் பெரும்பாலானவர்களுக்கு எடை கூடும். எத்தனை கிலோ, எத்தனை மாதம் என்ற கணக்கோடு இதை விடப்போகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. விருதுநகரில் ஆண்களுக்குத் தைத்துக் கொடுக்கும் தையல் கடை வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக டேப்பும் கையுமாக நிற்பவன். யார் இளைத்தார், யாருக்கு இடுப்பு பெருத்தது என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். யார் புகைக்கிறார், யார் விட்டுவிட்டார் என்பதும் தெரியும். ஆல்டரேஷனுக்கு வந்த பேன்ட்டில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தவுடன் பழைய புகை நாற்றம் ஆவியோடு எழும். எத்தனை முறை துவைத்த துணியானாலும் தையல் மடிப்பில் அது தங்கியிருக்கும். விட்டவரின் துணியில் சில மாதங்களில் அது மறைந்துபோகும்.

பருப்பு மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர் ஒருநாள் மூன்று பேன்ட்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "அண்ணாச்சி, சிகரெட்டை விட்டேன். இப்போது எதுவும் இடுப்பில் ஏறவில்லை" என்றார். பேன்ட்டின் பின் நடுத்தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் நாங்கள் தைப்போம். அதைப் பிரித்து இடுப்பை அகலப்படுத்தி வைத்தேன். வாங்க வந்த அன்று அவர் விரல்களில் மீண்டும் அந்த வாடை. மைத்துனர் கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லாரும் "என்ன மாப்பிள்ளை, தொப்பை போட்டுவிட்டீர்களே" என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டிலும் "சிகரெட் பிடித்தபோது பார்க்க லட்சணமாக இருந்தீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். "உடம்புக்கு நல்லது என்று விட்டால் உடம்பே கெட்டுப்போகிறது" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இப்படித் திரும்பிப் போனவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

நானும் புகைத்தவன், விட்டவன். தீபாவளிக்கும் எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கும் விடிய விடியத் தைக்கும்போது, துணிக்கு நடுவே நெருப்பு ஆகாது என்று எழுந்து டீக்கடைக்குப் போவேன். டீ, வடை, சிகரெட் மூன்றும் ஒன்றாகவே வரும். விட்ட சில வாரங்களில் எனக்கும் உடம்பு பெருத்தது. அரசு மருத்துவமனை டாக்டர் ஒருவர் காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். அது தெரிந்ததால்தான் நான் நிலைத்தேன்.

அவர் சொன்னது இது. நிகோடின் இதயத்தையும் உடம்பையும் சும்மா இருக்கும்போதே விரட்டிக்கொண்டிருக்கும். தினம் ஒரு பாக்கெட் பிடிப்பவரின் உடம்பு அதனால் ஏறக்குறைய 200 கலோரி கூடுதலாக எரிக்கும். பசியையும் அது அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் அந்த எரிப்பு நிற்கிறது, பசி எழுகிறது. மழுங்கிக் கிடந்த நாக்கும் மூக்கும் சில நாட்களிலேயே உயிர் பெறுவதால் பழைய சாம்பார் கூடப் புதிதாக ருசிக்கும். இத்தோடு கையும் வாயும் எதையாவது தேடும். சாப்பிட்டு முடித்ததற்கு அடையாளமாகப் பலருக்கு இருந்தது சிகரெட்தான். அது இல்லாதபோது இலையை விட்டு எழ மனம் வராது, இன்னொரு கரண்டி சோறு வாங்கச் சொல்லும்.

கூடும் எடைக்கும் கணக்கு இருக்கிறது. மருந்து எதுவும் எடுக்காமல் விட்டவர்களைப் பற்றிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரையின்படி, ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடுகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் ஏறிவிடுகிறது. ஆறில் ஒருவருக்கு எடை குறையவே செய்கிறது. எட்டில் ஒருவர் அளவுக்கு 10 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. மண்டிக் கணக்கருக்கு இந்த நாலு வரியை யாராவது முன்பே சொல்லியிருந்தால், பேன்ட் இறுகிய அன்று அவர் பதறியிருக்க மாட்டார். மூன்று மாதம் ஏறும், பிறகு வேகம் அடங்கும் என்று தெரிந்தவர் பொறுத்துக்கொள்வார். தெரியாதவர் இது இப்படியே ஏறிக்கொண்டு போகும் என்று பயந்து தீப்பெட்டியைத் தேடுவார்.

சிகரெட் பிடித்தால் ஒல்லியாக இருக்கலாம் என்ற எண்ணம் தானாக வந்ததும் இல்லை. இனிப்புக்குப் பதிலாக ஒரு லக்கி ஸ்டிரைக் சிகரெட்டை எடுங்கள் என்று அமெரிக்காவில் 1928 வாக்கிலேயே விளம்பரம் செய்து, மிட்டாய் வியாபாரிகளோடு பெரிய சண்டையே மூண்டது. பெண்களைப் பிடிக்க அந்த நாட்டில் 1968ல் வந்த ஒரு சிகரெட்டின் பெயரிலேயே ஒல்லி என்ற சொல்லைச் சேர்த்து வைத்தார்கள். விற்பதற்காகச் சொன்ன சொல் நம் கல்யாண வீடுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

என் டேப் சொல்வது வேறு. நெடுநாள் புகைத்தவர்களுக்குக் கை, கால், தோள் எல்லாம் குச்சியாக இருக்கும். வயிறு மட்டும் முன்னே நிற்கும். சட்டைக்கு அளவெடுக்கும்போது மார்பளவைவிட வயிற்றளவு கூடுதலாக வரும். அதிகம் புகைப்பவர்களுக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதை ஆய்வுகளும் காட்டுகின்றன. புகைக்காதவர்களைவிடப் புகைப்பவர்களுக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோய் வரும் ஆபத்து 30 முதல் 40 சதவீதம் அதிகம். ஒல்லியான உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

விட்டபின் ஏறும் எடையை அலட்சியப்படுத்தவும் கூடாது. அமெரிக்காவில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, விட்டபின் அதிக எடை போட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் ஆபத்து கொஞ்ச காலம் கூடி, 5 முதல் 7 ஆண்டுகளில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்குவதாகச் சொல்கிறது. எடை போடாதவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. எடை எவ்வளவு கூடியிருந்தாலும், தொடர்ந்து புகைத்தவர்களைவிட விட்டவர்களுக்கு இதய நோயாலும் மற்ற காரணங்களாலும் சாவு குறைவு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில், விட்டவர் இடுப்பைக் கவனிப்பது அவசியம். அதற்காகத் திரும்பப் பற்றவைப்பது தற்கொலை.

இடுப்பளவைப் பற்றி ஒரு தையல்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, "எனக்கு எப்போதும் முப்பத்துநாலுதான்" என்பார்கள். டாக்டர்கள் கேட்பது அந்த அளவு இல்லை. விலா எலும்பின் கீழ் முனைக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் டேப்பை இறுக்காமல் சுற்ற வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை இஞ்ச். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். அதைத் தாண்டினால் கவனம் தேவை. முப்பத்துநாலு பேன்ட் போடும் பலருக்கு இந்த இடத்தில் நாற்பது வருவதைத் தினமும் பார்க்கிறேன். விட்ட நாளன்று இந்த அளவை எடுத்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே எடுத்து, அளவு நோட்டில் எழுதித் தருகிறேன்.

எனக்கு உதவியவற்றையும் சொல்லிவிடுகிறேன். டீயில் சர்க்கரையை முதலில் நிறுத்தினேன். நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 160 கலோரி போய்விடும். உளுந்து வடையை விட்டது அதைவிடக் கடினமாக இருந்தது. ஒரு வடையும் ஒரு சர்க்கரை டீயும் சேர்ந்தால் நிகோடின் எரித்துக்கொண்டிருந்த 200 கலோரி கிட்டத்தட்ட வந்துவிடும். தின்பண்டத்துக்குக் குறைவில்லாத மாவட்டம் எங்களுடையது. சாத்தூர் காராச்சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் எங்கள் எண்ணெய் பரோட்டாவும் இருக்க, வாயைக் கட்டு என்று வெறுமனே சொன்னால் யாருக்கும் முடியாது. மாற்று கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிஷின் மேஜை டிராயரில் நறுக்கிய வெள்ளரியும் கொய்யாவும் டப்பாவில் வைத்தேன். வாய் பரபரக்கும்போது ஒரு கிராம்பு. மாலையில் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. பாக்கை மட்டும் தொடாதீர்கள். சிகரெட்டுக்குப் பதிலாகப் பாக்கு மென்று வாய்ப்புற்றில் போய் நிற்க வேண்டாம். வெறும் பாக்கே புற்றுநோய் தரும்.

காபி பிரியர்களுக்கு அதிகம் பேர் சொல்லாத ஒரு தகவல். புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, காபியில் உள்ள கஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். விட்டபின் அந்த வேகம் குறைந்து, அதே காபியின் கஃபீன் இரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, சிகரெட் இல்லாததால்தான் இது என்று நினைத்துவிடுகிறோம். பாதியாகக் குறைத்தாலே போதும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும். மலச்சிக்கலும் சில வாரம் இருக்கும். கீரையும் தண்ணீரும் சரிசெய்துவிடும்.

சாப்பிட்டவுடன் இலையை எடுத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கினேன். சாப்பாடு முடிந்ததற்கு அதுவே அடையாளமாயிற்று. காலையில் தேசபந்து மைதானத்தைச் சுற்றி நாற்பது நிமிட வேக நடை. முதல் வாரங்களில் கடும் பத்தியம் மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர். பசியும் புகை ஏக்கமும் ஒரே நேரத்தில் தாக்கினால் ஏக்கமே ஜெயிக்கும். முதலில் புகை, எடை அதற்கு அடுத்தது. தேவைப்படுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாம். எடை ஏறுவதை அது தள்ளிப்போடும். மிட்டாய்போல மென்று தீர்க்கக் கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் பீடி, சிகரெட் தொடாதவர்கள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ பேர். அளவான சைவச் சாப்பாடு, அதிகாலைக் குளியல், நடை என்று இருப்பதால் அவர்களுக்கு இடுப்பு பெருத்து நான் பார்த்ததில்லை. ஏக்கத்தின் கடுமையான காலம் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். நாற்பத்தொரு நாள் கடந்தவர் மலை ஏறி இறங்கி மாலையைக் கழற்றிய கையோடு பற்றவைப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. குருசாமிகள் அந்த ஒரு நாளில் ஒரு வார்த்தை சொன்னால் பலர் கேட்பார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றே. விட்டவரின் உடம்பைப் பற்றி மூன்று மாதத்துக்கு வாயைத் திறக்காதீர்கள். கன்னம் உப்பியதைச் சொல்வதற்குப் பதில், இருமல் நின்றதைச் சொல்லுங்கள்.

அரசு 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கத் தன்னார்வலர் பெண்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கையில் ஒரு டேப்பும் கொடுத்து, புகையை விட்டவர் வீட்டில் இடுப்பளவையும் எடையையும் மாதம் ஒருமுறை குறிக்கச் சொல்லலாம். பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. சிகரெட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. விடுவதற்கு முன்பே அதில் பேசி எடையைப் பற்றியும் கேளுங்கள்.

வரும் மே 31, உலக புகையிலை எதிர்ப்பு நாளுக்குத் தாங்கள் சிறப்புப் பக்கம் வெளியிடுவீர்கள். புற்றுநோய்ப் படங்களுக்குப் பக்கத்தில், ஓராண்டில் 4 முதல் 5 கிலோ, பெரும்பகுதி முதல் மூன்று மாதம், இடுப்பளவு 90 சென்டிமீட்டர், கூடவே அந்தத் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைக்க, எங்கள் தெருவில் இருக்கும் எல்லா தையல் கடைகளுக்கும் முடிதிருத்தும் கடைகளுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்,
விருதுநகர்.