விதை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள முருகேசா,

எல்லோரும் நலம். படத்தில் பார்த்துவிட்டு நீ கேட்ட மஞ்சள் பூச்செடி விதையை அனுப்ப மாட்டேன். திட்டுவதானால் திட்டு, ஆனால் படித்துவிட்டுத் திட்டு.

அது சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் போட்டதும் முளைக்கிற சாதி இல்லை. ஆரோலீஃப் பால்சம்ரூட் என்கிறார்கள். இங்கே அமெரிக்காவில், இடஹோ மாநிலத்துப் பாய்சி ஊரை ஒட்டிய கல்லுச் சரிவுகளில் ஏப்ரல் கடைசி, மே என்றால் மஞ்சள்தான். இலை அம்பு முனை மாதிரி, மேலே வெள்ளிச் சுணை. கோடையில் மழை கிடையாது, ஜூலைக்குள் எல்லாம் சருகு. செத்துவிட்டது என்று நினைப்பாய். ஆணிவேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கியிருக்கும். தீயில் மேலே கரிந்தாலும் அடுத்த வசந்தத்தில் துளிர்த்துவிடும்.

இடஹோவின் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களுக்கு இது பழைய உணவு. உனக்கோ வேறு சிக்கல். விதை ஈரத்தோடு இரண்டு மூன்று மாதம் கடுங்குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் முதல் பூவுக்குச் சில வருடங்கள். இட்லி மாவு புளிக்கும்வரை பொறுக்காதவன் நீ! கொடைக்கானல் மழையில் வேர் அழுகவும் கூடும்.

சரி, அழுகாமல் பிழைத்துவிட்டால்? எனக்கு அதுதான் பயம். வெளிநாட்டு வாட்டில் மரம் அங்கே புல்வெளியை விழுங்கிவிட்டது என்று போன கடிதத்தில் பக்கம் பக்கமாகப் புலம்பியது யார்? அதையும் விறகுக்கு, தோல் பதனிடும் பட்டைக்கு என்று நல்லதாக நினைத்துத்தான் கொண்டுவந்தார்கள். இங்கே சீட்கிராஸ் என்று ஒரு புல், ஐரோப்பா, ஆசியா பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தது. ஜூனிலேயே காய்ந்து, பற்றிக்கொள்ளத் தயாராக நிற்கும். 2016 ஜூன் கடைசியில் எவனோ டேபிள் ராக் குன்றில் பட்டாசு விட, சுமார் 2,500 ஏக்கர் எரிந்தது. கிழட்டு பால்சம்ரூட் செடிகள் வேர் பலத்தில் தப்பிவிடும். கன்றுகளை நினைத்தால்தான் வயிற்றெரிச்சல். அவை தலை தூக்குவதற்குள் அந்தப் புல் மண்ணின் ஈரத்தையெல்லாம் குடித்து முடித்திருக்கும். வந்தேறிப் புல்லோடு ஒரு மலை படுகிற பாட்டைத் தினமும் பார்க்கிறவனிடம் போய் விதை கேட்கிறாயே!

மஞ்சள் பூதானே வேண்டும்? வத்தலக்குண்டு நிலத்தில் ஆவாரை நடு. கல்லுமண்ணில் தண்ணீர் கேட்காமல் நிற்கும், உன் சோம்பலுக்கும் அதுதான் சரி.

அப்புறம், சம்பத் அழைப்பிதழில் என் பெயரை மறுபடியும் தப்பாகப் போட்டிருக்கிறான். மொய் அந்தப் பெயரிலேயே வரும் என்று சொல்லிவை.

உன்,
பாலு