இங்கிலாந்தின் டியூக்ஸ்பரி திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே, வணக்கம்.

ஊருக்குக் கிழக்கே ஆஷ்சர்ச் பக்கம் புது வீடுகள் கேட்டு மனுக்கள் வருகின்றன. வீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கையெழுத்திடும் முன் பழைய ஊரை ஒருமுறை நடந்து பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

செவர்ன், ஏவன் என்ற இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கும் ஊர் இது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான். ஊரை ஒட்டி செவர்ன் ஹாம் என்ற பெரிய புல்வெளி. கோடையில் புல் அறுப்பார்கள், குளிர்காலத்தில் வெள்ளம் வந்து நிற்கும். ஆற்றுக்கு விட்ட இடம் அது.

தாழ்ந்த நிலத்தில் பரவ முடியாததால், மக்கள் பெருகியபோது தெருவோர வீடுகளின் கொல்லையிலேயே வீடு கட்டி, போய்வரச் சந்து விட்டார்கள். சர்ச் தெருவில் அப்படி ஒரு சந்துக்குள் போனால் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பழைய ஆலயம். வெளியே பார்த்தால் சாதாரண மரச்சட்ட வீடு, கோயிலென்றே தெரியாது.

அப்புறம் ஊரின் மடாலயக் கோயில், கிறிஸ்தவத் துறவிகளின் பழைய தேவாலயம். 1121இல் அர்ப்பணிக்கப்பட்டது. மன்னர் எட்டாம் ஹென்றி துறவி மடங்களை மூடியபோது, கூரை ஈயத்துக்கும் மணிகளுக்குமான விலையாக 453 பவுண்டு கொடுத்து ஊர்மக்களே அதை வாங்கிக்கொண்டார்கள். இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு ஜன்னலைக்கூடச் செப்பனிட முடியாது! 2007 ஜூலையில் ஊரே மூழ்கியபோது, மேட்டிலிருந்த அந்தக் கோயில் தீவாக நின்ற வான்படம் உலகமெங்கும் போனது. மைத் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் மூழ்கியதால் சுமார் மூன்றரை லட்சம் பேருக்குக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனது.

ஆனால் அன்று முதலில் பொங்கியவை பெரிய ஆறுகள் அல்ல. கொட்டிய மழையில் ஸ்வில்கேட், கேரன்ட், டர்ல் ஓடைகள் சில மணி நேரத்திலேயே கரை தாண்டின. செவர்ன் பிறகுதான் ஏறியது. நீங்கள் வீடு கட்ட நினைக்கும் கிழக்குப் பக்கம் கேரன்டும் டர்லும் ஓடுகிற பக்கம். அங்கே வயலைத் தாரும் கான்கிரீட்டும் மூடினால், மழைநீர் இன்னும் வேகமாக ஓடைக்கு வரும்.

சரி, கேட்பது இரண்டே. வரும் ஒவ்வொரு வரைபடத்திலும் 2007 வெள்ளம் எட்டிய கோட்டைக் குறிக்கச் சொல்லுங்கள். மண் கொட்டித் தரையை உயர்த்துகிறோம் என்று கட்டுமானக்காரர் சொன்னால், அந்தத் தண்ணீர் இனி யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஊரின் நலம் விரும்பி