செயலாளரின் ஆண்டறிக்கை: கிற்றாரும் ஆராதனையும்

தலைவர் அவர்களே, அருட்தந்தை அவர்களே, போதகர் ஐயா, பெற்றோரே, சங்கத்துப் பிள்ளைகளே, எல்லோருக்கும் அன்பான வணக்கம்.

இவ்வருடம் சனிக்கிழமைக் கிற்றார் பயிற்சிகள் மழைக்காலத்தில் சில கிழமைகள் தடைப்பட்டதைத் தவிர ஒழுங்காக நடந்தன. தவக்காலப் பாடல் மாலை, நத்தார் கரோல், பாடசாலை ஒளிவிழாக்கள், உப்புவெளியில் முதியவர்களுக்காக ஒரு மாலை என்று வழமையான எல்லாம் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே வருடம் முழுக்க எங்களை யோசிக்க வைத்த ஒரு விஷயத்தைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதல் செயற்குழுக் கூட்டத்திலேயே ஓர் உறுப்பினர் கேட்டார்: “ஆண்டவர் உள்ளத்தைத்தானே பார்க்கிறார்? கிழமைக்குக் கிழமை இவ்வளவு பயிற்சி எதற்கு? நாங்கள் என்ன, கச்சேரியா வைக்கப் போகிறோம்?” நல்ல மனதோடு கேட்ட கேள்வி. அவசரமாகப் பதில் சொல்ல யாரும் விரும்பவில்லை. மூன்று கூட்டங்களில் இதைப் பேசினோம்.

என் பதில் 33ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. வாத்தியங்களை ‘நேர்த்தியாய்’ வாசியுங்கள் என்கிறது நம் தமிழ் வேதாகமம். நம் ஊரில் நேர்த்தி என்றால் முதலில் ஞாபகம் வருவது நேர்த்திக்கடன்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் மாறினால் மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று நேர்ந்துவிட்டால், பாதித் திரியைக் கொண்டுபோய் வைக்க மாட்டோம். ஒரே சொல்லுக்குள் செய்நேர்த்தியும் நேர்ந்துகொண்ட கடனும் இருக்கின்றன. ஆராதனைக்கு முன் கிற்றாருக்குச் சுருதி சேர்ப்பதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வி கேட்டவரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சித்திரையில் ஒரு ஞாயிறு கண்டோம். நன்றாக வாசிக்கும் தம்பி ஒருவர் கிற்றாரின் கழுத்திலுள்ள நான்காம் பிரெட்டில் (குறுக்குக் கம்பியில்) சுருதியை உயர்த்தும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, ‘சி’ சுருதிக்குரிய கோர்ட்ஸ் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வடிவங்களில் வாசித்துப் பாடினார். அப்படி வாசித்தால் பாட்டு ‘ஈ’ சுருதியில் ஒலிக்கும். அவர் குரலுக்கு அது அருமையான இடம். பல்லவியின் உச்சம் மேல் ஸ்தாயி ‘ஈ’ வரை போனது. இரண்டாவது தரம் பல்லவி வந்தபோது பின்வரிசைகளில் ஒருவர் வாயும் அசையவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வருடக்கணக்காக அதே வாங்கில் இருக்கும் ஓர் அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்: “பாட்டு வடிவா இருந்தது மகன். எங்களுக்குத்தான் எட்டேல்ல.”

அடுத்த கிழமை அந்தத் தம்பி கேப்போவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விரல் வடிவம் ஒன்றும் மாறவில்லை. பாட்டு மட்டும் இரண்டு முழுச்சுரம் இறங்கி ‘சி’க்கு வந்தது. அவர் குரல் அங்கே அவ்வளவு எடுபடாது, அது அவருக்கே தெரியும். சபை முழுக்கப் பாடியது. எந்தச் சுருதியில் எல்லோரும் பாடுவார்கள் என்று அறிவது இசையறிவு. அதற்காகத் தன் குரலின் நல்ல இடத்தை விட்டுக்கொடுப்பது விசுவாசம் என்று நான் நம்புகிறேன். அப்புறம் செயற்குழு தீர்மானித்தது: சபையாகப் பாடும் பாட்டின் உச்ச சுரம் மேல் ஸ்தாயி ‘டி’யைத் தாண்டினால் சுருதியைக் குறைக்க வேண்டும்.

கீர்த்தனைகள் வேறொரு பாடம் தந்தன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வழி வந்த பாட்டுகள் ராகத்திலும் தாளத்திலும் நிற்பவை. மோகன ராகத்தில் அமைந்தால் கிற்றாருக்குச் சிரமம் குறைவு. மாயாமாளவகௌளை ராகத்தில்தான் மாட்டிக்கொண்டோம். ‘சி’யை சட்ஜமாக (ஸ) வைத்தால் பாட்டில் வருவது தாழ்ந்த ரி ஆன சுத்த ரிஷபம், நம் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் போடும் ‘ஜி’ கோர்ட்டுக்குள் இருப்பதோ அதைவிட உயர்ந்த சதுஸ்ருதி ரிஷபம். பாடுபவர் ஒரு ரி, கிற்றார் இன்னொரு ரி. கேட்கவே கூசும். அந்த இடத்தில் பஞ்சமத்தையும் (ப) நிஷாதத்தையும் (நி) மட்டும் தட்டிவிட்டு மற்றக் கம்பிகளை அடக்கிப் பழகினோம். இரண்டு சனிக்கிழமைகள் இதற்கே போயின. அந்த நேரம் வீணானது என்று யாரும் சொல்லவில்லை.

இளையோர் சொந்தமாக எழுதிய பாட்டுகளில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஒரு தங்கச்சி “என் மனம் உமக்கே” என்று எழுதி மெட்டும் போட்டிருந்தார். மெட்டு நீண்ட இடத்தில் ‘ம’ விழுந்ததால் பாடும்போது “என் மானம் உமக்கே” என்று கேட்டது. தமிழில் குறிலை இழுத்தால் சொல்லே மாறிவிடும். மெட்டைக் கெடுக்காமல் “என் நெஞ்சம்” என்று மாற்றிப் பார்த்தோம். ‘நெ’யும் குறில்தான், ஆனால் அடுத்து வரும் ‘ஞ்’ நீளத்தைத் தாங்கிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை முகம் மலர்ந்து அன்றே மூன்று தரம் பாடிக் காட்டினார். வரும் வருடம் அந்தப் பாட்டு ஆராதனையில் வரவேண்டும் என்பது என் விருப்பம்.

மாதத்தில் ஒரு மாலை கேட்பதற்கென்று ஒதுக்கினோம். அமெரிக்கக் கிற்றார் கலைஞர் ஃபில் கேகி பற்றிய மாலைதான் மனதில் நிற்கிறது. 1951இல் பிறந்த அவர், நான்கு வயதில் நடந்த விபத்தில் வலது கை நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர். அந்தக் கையாலேயே கம்பி மீட்டுகிறார். 1991இல் வந்த அவரது ‘பியோண்ட் நேச்சர்’ தொகுப்பில் பாட்டு வரிகளே கிடையாது, வாத்திய இசை மட்டும். இயேசுவின் பெயர் ஒரு தரமும் வராத இசையைக் கிறிஸ்தவ இசை என்று சொல்லலாமா என்று நீண்ட விவாதம் நடந்தது. பிரான்சிஸ்கன் வழி வாழும் பாடகர் ஜான் மைக்கேல் டால்பட்டையும் சிலர் விவாதத்துக்குள் இழுத்தார்கள். அருட்தந்தை, 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த திருவழிபாட்டு ஏட்டை நினைவுபடுத்தினார்: திருப்பயன்பாட்டுக்கு ஏற்றதாக இருந்து, விசுவாசிகளின் பக்தியை உண்மையில் வளர்க்குமானால் பைப் ஓர்கன் தவிர்ந்த மற்ற வாத்தியங்களுக்கும் இடமுண்டு. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை. என் எண்ணம், திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்கியபின் வரும் மௌனத்துக்கு அப்படியான வாசிப்பு மிகவும் பொருந்தும்.

இப்போது சங்கத்துக் கிற்றார்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்குகிறது. பிரெட் கம்பிகளின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகளின் கையைக் கீறுகின்றன. ஈரமான வாடைக் காற்றுக் காலத்தில் அதே மரம் ஊறி முகப்புப் பலகை உப்பி, கம்பிகள் உயர்ந்து அழுத்தவே முடிவதில்லை. போதாக்குறைக்குக் கடல் உப்பு. பழைய கிற்றாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் இவ்வருடம் பலகையிலிருந்து எழும்பிவிட்டது. அதை வெயிலில் நின்ற வான் வண்டிக்குள் மத்தியானம் முழுக்க விட்டது நான்தான். சூட்டில் பசை இளகிவிட்டது. திருத்தும் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். சபையிடம் மன்னிப்பும் கேட்கிறேன். இனி வாசித்து முடிந்ததும் கம்பிகளைப் பருத்தித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு மூடவேண்டும். வாங்கிப்போனவர் யாரானாலும் இதைச் செய்யும்படி தயவாகக் கேட்கிறேன்.

புதிய குழுவின் பார்வைக்கு இரண்டு வேண்டுகோள்கள். தவக்காலம் தொடங்குமுன் எல்லாக் கிற்றார்களுக்கும் புதுக் கம்பி மாற்றவேண்டும். மூதூரிலிருந்து வரும் பிள்ளைகள் பிந்தாமல் வீடு போய்ச்சேர, சனிக்கிழமைப் பயிற்சியை மாலை நான்கு மணியிலிருந்து இரண்டு மணிக்கு மாற்றவேண்டும்.

இடம் தந்த ஆலயங்களுக்கும், தேத்தண்ணீர் ஊற்றித் தந்த அம்மாமாருக்கும் நன்றி. இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.